முலாம் என்னும் வசை

இந்தப் பத்திரிகையின் சென்ற இதழில் நண்பர் ஒருவர் ஒரு கவிதைத் தொகுதியைத் 'தங்க முலாம் பூசிய பிரெஞ்சுக் கண்ணாடிச் சட்டம்' என்று ஒரே வரியில் தீர்த்துக் கட்டியிருக்கிறார். சட்டம் ஜொலிக்கிறது, எதிரே போய் நின்றால் முகம் தெரியவில்லை என்பது அடுத்த வரி. படித்துவிட்டு நாலைந்து பேர் எனக்குக் கடிதம் எழுதினார்கள். சரியான அடி என்றார்கள். எனக்கு எழுதக் காரணம் உண்டு. அது என் அடி. ஐந்து வருஷங்களுக்கு முன்னால், மரபிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்த ஒரு முதியவரின் தொகுதியைப் பற்றி எழுதும்போது இந்த உவமையை முதலில் பிரயோகித்தவன் நான். அன்றிலிருந்து அது நம் வட்டத்தில் சில்லறைக் காசு மாதிரி கைமாறி வருகிறது. கவிதை, நாவல், மொழிபெயர்ப்பு என்று பேதமில்லாமல் எல்லார் மேலும் வீசப்படுகிறது.

அந்தக் காசைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அது செல்லாது. வெளியிட்டவனே சொல்கிறேன்.

உவமையை எழுதிய அன்று நான் பிரெஞ்சுக் கண்ணாடி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த பெல்ஜியம் கண்ணாடிகள் கடை வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை வேறு காலம், வேறு தொழில். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கண்ணாடி பற்றி எனக்கிருந்த ஞானமெல்லாம் பி.ஏ. வகுப்பில் படித்த ஆங்கில நாவல்களில் வரும் பிரபுக்களின் கூடங்களோடு சரி. என் அபிப்பிராயத்துக்கு அது போதுமாக இருந்தது. நம்முடைய பெரும்பாலான அபிப்பிராயங்களுக்கு அவ்வளவு ஞானம்கூடத் தேவைப்படுவதில்லை.

*

அரூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில் பாதிக்கு மேல் நகைக் கடன்தான். மரவள்ளிக்கோ மஞ்சளுக்கோ விலை விழுந்தால் அடகு வைக்கக் கூட்டம். ஏறினால் மீட்கக் கூட்டம். போன வருஷம் ஆடி மாதம் ஒரு பெரியவர் ஒரு முழ நீளத்தில் ஒரு மரத் துண்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால், ஒரு சட்டத்தின் மேல் நெற்றி. நடுவில் சிப்பி, இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் இலைகள். ஒரு பக்க இலை பாதியில் ஒடிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கிய பொன். அவருடைய அப்பா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவராம். 1954 நவம்பரில் ஊர் நம் கைக்கு வந்தபின் துரை குடும்பம் சாமான் கட்டிக்கொண்டு கப்பலேறியதாம். கட்டும்போது கண்ணாடி உடைந்துபோக, உடையாமல் தங்கிய இந்த நெற்றித் துண்டைச் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அப்பா சாகும்வரை பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். தங்கம் என்று சொல்லிவிட்டுச் செத்தார்.

எங்கள் நகை மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். சிரிக்காமல் வாங்கினார். ஒடிந்த ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். கல்லில் பொன் கோடு விழவில்லை. செம்மையாக ஒரு தீற்றல், அதை ஒட்டி வெள்ளையாக இன்னொன்று.

"மேலாப்புல மினுக்குங்க சார். அடியில செம்மண்ணு. அதுக்கும் அடியில சுண்ணாம்பு. அப்புறம் கட்டை."

பெரியவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "தங்கமில்லீன்னா அடுப்புல வச்சிரலாங்களா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே அப்போது தெரியாது. கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று இரவு வீட்டு டியூப்லைட்டின் கீழ் வைத்துப் பார்த்தபோது, மதிப்பீட்டாளர் நான்கு வாக்கியங்களில் சொன்னதைத்தான் நான் ஐந்து வருஷங்களுக்கு முன் மூன்று பக்கங்களில் சொல்லியிருந்தேன் என்பது உறைத்தது. மேலே மினுக்கு, அடியில் மண். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

*

துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு இரண்டாம் சனிக்கிழமை தஞ்சாவூர் போனேன். அங்கே படம் எழுதுகிறவர் ஒருவரை எனக்குப் பழக்கம். மராட்டியர் அரண்மனை ஆதரித்து, இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798-1832) செழித்த அந்தத் தொழில் இன்று கல்யாணப் பரிசுக் கடைகளை நம்பி ஓடுகிறது. அவர் துண்டை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். ஒடிந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார்.

"இது நம்ம மக்குதான் சார். ஆனா செதுக்கி இருக்கான். நாங்க செதுக்கறதில்லே, வச்சு எழுப்புவோம்."

தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ண மாவைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்துத் தளம் கட்டுகிறார்கள். அதன் மேல் மக்கு வைத்து நகையும் மண்டபமும் எழுப்பி, மேலே தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். துணி ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை காலகாலமாக உண்டு. புளி எங்கள் அரூர்ப் பக்கத்துச் சரக்கு. பழம் சந்தைக்குப் போகும், கொட்டை ஆலைக்குப் போகும். அந்தக் கொட்டையிலிருந்துதான் சாமியின் கிரீடத்துக்கு அடித்தளம் வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரெஞ்சுக்காரனுக்குப் புளியமரம் ஏது? அவன் முயல் தோலையும் தோல் கழிவுகளையும் காய்ச்சி வச்சிரம் எடுத்தான் என்று சொன்னேன். "ஒட்டினா சரி" என்றார் அவர். பிறகு, நான் இன்றுவரை மறக்காத ஒன்றைச் சொன்னார்.

"ரேக்கு ஒட்டறது ஒரு பொழுது வேலை. அதுக்கு முன்னாடி பத்து நாள் இருக்கு. அந்தப் பத்து நாளை யாரும் பார்க்கிறதில்லே."

திரும்பி வந்து ஆறு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிரெஞ்சுப் பட்டறையின் பத்து நாள் இப்படி. மரத்தை ஒருவர் இழைத்துச் சட்டமாக்குவார். இன்னொருவர் அதில் இலையும் சிப்பியும் செதுக்குவார். பொன் பூசுகிறவர் மூன்றாவது ஆள். அவர் முதலில் சூடான வச்சிரத்தை மரத்துக்குக் குடிக்கக் கொடுப்பார். பிறகு சுண்ண மாவை வச்சிரத்தில் கலந்து, பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் அதனதன் பதத்தில் காய வேண்டும். மேல் பூச்சில் வச்சிரம் அதிகமானால் சுருங்கி இழுக்கும், அடியிலிருப்பது உரிந்து வந்துவிடும். குறைந்தால் பொடியும். அவசரப்பட்டால் குமிழி விழும். மரத்தின் ரேகையெல்லாம் மறைந்து பல் போல வெள்ளையாக, வழவழப்பாக ஆகும்வரை பூசித் தேய்க்க வேண்டும்.

இங்கே ஒரு விபரீதம் நேர்கிறது. இவ்வளவு பூச்சு ஏறியதில் செதுக்கிய இலை நரம்பெல்லாம் மூழ்கிப்போய்விடும். சட்டம் மழையில் நனைந்த வெல்லக்கட்டி மாதிரி மழுங்கிக் கிடக்கும். உடனே கொக்கி போல வளைந்த சின்னச் சின்ன உளிகளை எடுத்துக்கொண்டு, அந்த வெள்ளைத் தளத்திலேயே மறுபடியும் செதுக்குவார்கள். முதலில் மரத்தில் செதுக்கியதை அப்படியே திரும்பச் செதுக்குவது இதன் நோக்கமில்லை. மரம் தராத கூர்மையை மக்கு தரும். இலையின் நரம்பு, சிப்பியின் வரி, சுருளின் விளிம்பு, இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்த வலை, எல்லாம் இந்த இரண்டாவது செதுக்கலில்தான் பிறக்கின்றன. பிரெஞ்சுச் சட்டத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பெரியவரின் துண்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உளி தடம் மாறித் திரும்பிய இடம்கூடத் தெரிகிறது.

அதற்கு மேல் மஞ்சளாக ஒரு மெல்லிய பூச்சு. தூரிகை ரேக்கைக் கொண்டுபோக முடியாத பள்ளங்களில் வெள்ளை பல்லிளிக்காமல் இருக்க அது. மேடான இடங்களில் வெண்ணெய் போன்ற செங்களிமண். எங்கள் மதிப்பீட்டாளர் கல்லில் பார்த்த செம்மண் இதுதான். இன்றைய ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். மூச்சு விட்டால் பறக்கும், விரல் பட்டால் கரைந்துபோகும். அணில் மயிர்த் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒரு தடவை தடவி, அந்தத் தோல் எண்ணெயின் ஈரத்தில் ரேக்கை எடுத்து, நனைத்த களிமண் மேல் விடுவார்கள். நீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சரியான பதத்தில் காய்ந்ததும் அகேட் கல்லால், அதற்கு முந்தைய காலத்தில் நாய்ப் பல்லால், தேய்த்து மெருகிடுவார்கள். களிமண் மெத்தை மாதிரி அமுங்கிக் கொடுப்பதால்தான் பொன் உருகி ஊற்றியது போலப் பளபளக்கும். எல்லா இடத்தையும் மெருகிடுவதில்லை. மேட்டை மெருகிட்டுப் பள்ளத்தை மங்கலாகவே விடுவார்கள். மெழுகுவர்த்திச் சுடர் அசையும்போது மெருகு சிமிட்டும், மங்கல் அப்படியே நிற்கும். இலை அசைவதாகத் தோன்றும். டியூப்லைட்டின் கீழ் வைத்து ஆபாசம் என்கிறோம். நாதஸ்வரத்தைக் கழிப்பறையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இரைச்சல் என்பதைப் போல.

இதில் 'முலாம்' எங்கே இருக்கிறது? பாதரசத்தில் பொன்னைக் கரைத்துச் செம்பின்மேலோ பித்தளையின்மேலோ தடவி, தீயில் காட்டிப் பாதரசத்தை ஓட்டுவதுதான் பழைய முலாம். அது உலோகத்துக்கு. மரச் சட்டத்துக்கு முலாம் பூச முடியாது, எரிந்துபோகும். என் உவமையில் முதல் சொல்லே தப்பு. வசையாகப் பயன்படுத்துகிற சொல்லின் பொருளைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வைதிருக்கிறேன்.

*

உவமையின் மறுபாதிக்கு வருவோம். கண்ணாடியில் முகம் தெரியவில்லை என்ற புகார். சட்டம் போலி, கண்ணாடி நிஜம் என்ற நம்பிக்கை இதற்கடியில் இருக்கிறது. இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று மேடையில் முழங்குபவர்களை நாம் கேலி செய்வோம். ஆனால் நம் எல்லோருக்கும் உள்ளுக்குள் அதே கொள்கைதான். உருவம் சட்டம், உள்ளடக்கம் கண்ணாடி. சட்டத்தைக் கழற்றி எறிந்தால் சத்தியம் தெரியும்.

அந்தச் சத்தியத்தை எப்படிச் செய்தார்கள்? 1665-ல் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர், வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளிகளை ஆசைகாட்டி வரவழைத்து, ராஜாங்கக் கண்ணாடிப் பட்டறையை ஏற்படுத்தினார். (பின்னால் செயின்ட் கோபைன் என்று பெயர்பெற்ற கம்பெனி அதன் வழிவந்தது. 2000-த்திலிருந்து ஸ்ரீபெரும்புதூரிலும் அது கண்ணாடி செய்கிறது. வெர்சேல்ஸ் நமக்கு அவ்வளவு தூரமில்லை.) கண்ணாடிக்குப் பின்பூச்சு வெள்ளீயமும் பாதரசமும். கல்மேசைமேல் வெள்ளீயத் தகட்டை விரித்து, பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை நழுவவிட்டு, பாரம் ஏற்றி, மேசையைச் சாய்த்து, மிஞ்சிய பாதரசம் வடிவதற்காக வாரக்கணக்கில் விடுவார்கள். அந்த அறையில் வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கும், எச்சில் ஒழுகும், பல் விழும். தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ல் முதல் முழு நூலை எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமத்ஸினி, வெனிஸ் பக்கத்து முரானோ தீவின் கண்ணாடித் தொழிலாளிகள் தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் நோயைப் பார்த்து முகம் சுளித்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1835-ல் லீபிக் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்து, அது மெல்ல மெல்லத் தொழிலுக்கு வந்து சேரும்வரை இதுதான் கதை.

முகம் தெரிய வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து உண்மை விளம்பி விஷத்தால் செய்யப்பட்டது. போதாததற்கு அதுதான் முதலில் கெட்டும் போகிறது. இருநூறு வருஷத்தில் பாதரசம் கீழே இறங்கி, புள்ளி புள்ளியாகக் கறுத்து, முகத்துக்கு அம்மை போட்டுவிடுகிறது. சட்டம் நிற்கிறது.

இன்னொன்று. 1678-லிருந்து 1684 வரை கட்டிய வெர்சேல்ஸ் கண்ணாடிக் கூடத்தில் 357 கண்ணாடிகள். பதினேழு வளைவுகள், வளைவுக்கு இருபத்தொன்று. ஏன் ஒரு வளைவுக்கு ஒரே கண்ணாடியாக வைக்கவில்லை? அவ்வளவு பெரிய கண்ணாடியைச் செய்ய அன்றைக்குத் தெரியாது. துண்டுகளைச் சட்டம்தான் கோத்து ஒரு வளைவாகக் காட்டுகிறது. அங்கே உருவத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது உள்ளடக்கமில்லை, தரையில் இருபத்தொரு சில்லு.

அதே கூடத்தில் கெட்டி வெள்ளியாலான மேசைகளும் விளக்குத் தண்டுகளும் ஆரஞ்சு மரத் தொட்டிகளும் இருந்தன. 1689-ல் சண்டைக்குப் பணம் போதாமல் லூயி அத்தனையையும் உருக்கிக் காசாக்கிவிட்டான். மெய்யான உலோகமாக இருந்ததே அவற்றுக்கு வினை. பொன் ரேக்கு ஒட்டிய மரத்தை யாரும் உருக்கவில்லை. உருக்கினால் என்ன கிடைக்கும்? ஒரு கிராம் தங்கத்தில் அரைச் சதுர மீட்டருக்கு ரேக்கு அடித்துவிடலாம். எங்கள் மதிப்பீட்டாளரின் கணக்கில் அதற்குக் கடன் கிடையாது. வங்கி விதிப்படி அவர் சொன்னது சரி. கலையின் விதி வேறு என்பதற்கு அந்தத் துண்டு சாட்சி.

*

இனி நம் விஷயம்.

பி.ஏ. வகுப்பில் மாத்யூ ஆர்னால்டின் உரைகல் கொள்கையை மனப்பாடம் செய்தேன். 1880-ல் அவர் எழுதிய கட்டுரை. மகாகவிகளின் சில வரிகளை மனதில் வைத்துக்கொள், எதிர்ப்படும் கவிதையை அவற்றோடு உரசிப் பார், தரம் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினேன். உரைகல்லை தினமும் பார்க்கிற உத்தியோகத்துக்கு வந்தபிறகும் ஒன்று எனக்கு உறைக்கவில்லை. உரைகல் பொன்னின் மாற்றை மட்டும் சொல்லும். வேலையைச் சொல்லாது. ஒரே மாற்றில் ஒரு கட்டியும் ஒரு ஒட்டியாணமும் வைத்தால் கல்லுக்கு இரண்டும் ஒன்று. வங்கிக்கும் ஒன்றுதான், செய்கூலியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. செய்கூலியைக் கணக்கில் எடுக்காத விமர்சனம்தான் நாம் இத்தனை வருஷமாகச் செய்து வருவது.

நம் முன்னோரில் க.நா.சு. ரசனையை நம்பித் தீர்ப்புச் சொன்னார், பட்டியல் போட்டார். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஆயுசு பூராவும் படித்த படிப்பு இருந்தது. செல்லப்பா, 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' நடத்திய செல்லப்பா, அலசிப் பார்க்க வேண்டும் என்று மன்றாடினார். நாம் முன்னவரிடமிருந்து தீர்ப்பை எடுத்துக்கொண்டோம், படிப்பை விட்டுவிட்டோம். பின்னவரை வாத்தியார் வேலை என்று சிரித்து ஒதுக்கினோம். விளைவு, 'தரிசனம் இல்லை', 'அனுபவம் இல்லை', 'வெறும் முலாம்' என்று மூன்று முத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு தபால் ஆபீஸ் மாதிரி குத்திக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் முலாம் என்று திட்டிய தொகுதியை நான் இரண்டு முறை படித்தேன். அதில் பொய் உண்டு. ஆனால் அந்தப் பொய்க்குச் சரியான பெயர் வேறு. கடையில் டப்பாவில் விற்கும் கோல்ட் பெயின்ட். பித்தளைத் தூளை வார்னிஷில் கலந்தது. மக்கும் வேண்டாம், செம்மண்ணும் வேண்டாம், பத்து நாளும் வேண்டாம். மரத்தின் மேல் நேரே அடித்துவிடலாம். இரண்டு வருஷத்தில் கறுத்துப் பச்சை பிடிக்கும். பழைய சட்டங்களில் மங்கிய பொன்னைப் 'புதுப்பிக்க' இதைத்தான் மேலே அடித்துவிடுகிறார்கள். அடித்தவுடன் நிஜப் பொன் அடியில் சமாதியாகிவிடும், இரண்டாம் செதுக்கலின் கோடுகள் அடைபட்டுப்போகும். நம் கவிதைகளில் 'மௌனம்', 'வெளி', 'நிழல்', 'பறவை' என்று தெளிக்கப்படுவதெல்லாம் இந்த டப்பாவிலிருந்து வருவது. எளிமை என்ற பெயரில் இன்று எழுதப்படுவதிலும் பாதி அதே டப்பாதான். நிறம் மட்டும் மண் நிறம். அலங்காரம் கூடிப்போனது இங்கே குற்றமில்லை. அடியில் ஒன்றும் கட்டப்படவில்லை என்பதுதான் குற்றம். இதைச் சொல்ல ஒரு விமர்சகன் வரியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இந்த அடைமொழியை எடுத்தால் அடியில் என்ன இருக்கிறது, இந்தப் படிமம் எந்தப் பூச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறது, முதல் வேகத்தில் செதுக்கியது மழுங்கியபின் கவிஞன் உளியை மறுபடி எடுத்தானா? நாம் கேட்பதே இல்லை. மினுக்கு கண்ணில் பட்டதும் மூடி வைத்துவிடுகிறோம்.

இதற்கு வரப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். கொடுங்கோல் மன்னனின் கூடத்துச் சாமானைத் தூக்கிப் பிடிக்கிறான், பிரபுத்துவ ரசனை, வங்கிக்காரனுக்குத் தங்கத்தின் மேல் மோகம். இதில் முதல் பாதியை மறுக்க எனக்கு ஆசையில்லை. விஷம் யார் கைக்குப் போயிற்று, முகம் யாருக்குத் தெரிந்தது என்று மேலே சொல்லிவிட்டேன். இன்னும் சொல்கிறேன். பாரீஸில் 1743-ல் வகுத்து 1751-ல் பதிவான சங்க விதிகளின்படி நாற்காலி, மேசை செய்கிறவர்கள் தங்கள் பெயரை மரத்தில் முத்திரையாகக் குத்த வேண்டும். பொன் பூசுகிறவர்கள் வேறு சங்கம். அவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் நாற்காலிக்குப் பெயர் உண்டு. கண்ணாடிச் சட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தவன் பெயர் கிடையாது. வாங்கியவன் பெயர் உண்டு, விற்றவன் பெயர் உண்டு, ஏலத்தில் எடுத்தவன் பெயரும் உண்டு. தஞ்சாவூர்ப் பழைய படங்களிலும் இதே கதைதான். 'பிரெஞ்சு முலாம்' என்று நாம் வையும்போது அந்த வசை லூயியின் மேல் போய் விழுவதில்லை. கன்னத்தில் தூரிகையைத் தடவிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவன் மேல் விழுகிறது. முற்போக்கு நண்பர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பழம்பொருள் மோகிகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களுக்கு வயசுதான் கலை. பழைய மினுக்கு என்றால் கும்பிடு, புதிய மினுக்கு என்றால் காறித்துப்பு. அவர்களும் சுரண்டிப் பார்ப்பதில்லை.

*

அந்த முதியவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெயரைச் சொல்லப் போவதில்லை. வட்டத்தில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் விமர்சனம் வந்த இரண்டாவது வாரம் அவரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கோபமில்லை. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது, அவ்வளவுதான். தம்பி, முலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த வரிகள் என்று குறித்து அனுப்பினால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தார்.

நான் பதில் போடவில்லை. குத்தல் என்று நினைத்தேன். இந்த அப்பாவித்தனமே அவருடைய போதாமைக்கு அத்தாட்சி என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். உண்மை என்னவென்றால், எந்த வரி என்று எனக்குத் தெரியாது. தொகுதியை ஒரு தடவை, பஸ்ஸில், சேலம் போகும் வழியில் படித்திருந்தேன். மதிப்பீட்டாளர் அந்த மரத் துண்டுக்குக் கொடுத்த இரண்டு நிமிஷத்தை நான் அந்த மனிதரின் நாற்பது வருஷத்துக்குக் கொடுக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்தபின் அந்தத் தொகுதியை எடுத்து, நாள் ஒன்றுக்கு இரண்டு கவிதை என்று படித்தேன். வெண்பாவின் ஓசை அடியில் மக்கு போல இறுகிக் கிடக்கிறது. அதன்மேல் அவர் வரிகளை உடைத்து மறுபடி செதுக்கியிருக்கிறார். பல இடங்களில் உளி நழுவாமல் போயிருக்கிறது. சில இடங்களில் வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறார். நான் அதைத்தான் முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் மெருகு என்றும் சொல்லமாட்டேன். கிணற்றைப் பற்றிய கவிதையின் கடைசி இரண்டு வரிகளும், மகள் கல்யாணக் கவிதையில் வரும் நிலவும் டப்பாப் பூச்சு. அடியில் ஒன்றுமில்லை. எடுத்துவிடலாம்.

கார்டில் அவர் கேட்டது இந்த மூன்று வரிகள். ஐந்து வருஷம் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறேன். போன வருஷம் கார்த்திகையில் அவர் இறந்துவிட்டார். அடுத்த பதிப்பு என்று ஒன்று வரவில்லை.

மரத் துண்டைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தங்கம்தான், ஆனால் அரைக் கிராம்கூட இருக்காது, அடகுக்கு ஆகாது, அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள் என்றேன். அப்பா பொய் சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.